பாத்ரூமில் வழுக்கினால் எந்த எலும்பு உடையும்?

நீளமான த்ரெட். திட்டுவதாக இருந்தாலும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

அந்தப் படம் உங்களுக்குப் பழகினதுதான். ஒரு இளைஞன். ஒரு கையில் மாவுக்கட்டு, எதிர்ப்பக்கக் காலில் மாவுக்கட்டு. ரெண்டு பக்கமும் போலீஸ். கீழே செய்தி: தப்பி ஓட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை, கால் முறிந்தது. இடம் மட்டும் மாறும். ஒரு நாள் பாத்ரூம், ஒரு நாள் பாலம், ஒரு நாள் ஓடைப் பள்ளம். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அந்த பாத்ரூம் டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று ஒருத்தர் கேட்பார். மாவுக்கட்டு ட்ரீட்மென்ட் சூப்பர் சார் என்று இன்னொருத்தர் சல்யூட் வைப்பார்.

சிரிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கணும். உங்களுக்கு ஏன் சிரிப்பு வருது? அவன் வழுக்கி விழவில்லை என்று உங்களுக்குத் தெரியும். எழுதின நிருபருக்குத் தெரியும். கட்டுப் போட்ட டாக்டருக்கு ரொம்ப நல்லாத் தெரியும். ஒரு பொய்யை நம்பி ஏமாந்தவர் மேல் எனக்குக் கோபம் வராது. பொய் என்று தெரிந்தே அதை ரசிக்கிற ஊர் மேல்தான் வருது.

நான் எலும்பு மருத்துவன். அரசியல் பேச வரவில்லை. (இப்படி ஆரம்பிக்கிற எல்லாரும் பேசுறது அரசியல்தான், நானும்தான்.) ஆனால் "வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தது" என்பது வெறும் செய்தி இல்லை. அது ஒரு இயற்பியல் கூற்று. இவ்வளவு விசை, இந்தத் திசையில், இந்த இடத்தில் வந்தது என்று சொல்லும் கூற்று. அப்படிப்பட்ட கூற்றைச் சரிபார்க்கலாம். அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

முதலில் எலும்பு. அதைக் கல் மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கோம். வீட்டுக்கு ரூஃப் போடும்போது கம்பி கட்டி கான்கிரீட் கொட்டுவார்கள் இல்லையா, எலும்பு கிட்டத்தட்ட அந்த மாதிரி. கால்சியம் உப்புதான் கான்கிரீட். கொலாஜன் என்ற புரத இழைகள்தான் கம்பி. நீள எலும்பின் கெட்டியான வெளிச்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டர் எடுத்து நீளவாக்கில் அமுக்கினால், ஏறத்தாழ 2 டன் வரை தாங்கும். நம்ப முடியாத பலம். அதையே ரெண்டு முனையும் பிடித்து இழுத்தால் 1.3 டன் அளவில் அறுந்துவிடும். ஒரு பாதியை இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமும் நகர்த்துகிற மாதிரி விசை வந்தால் 700 கிலோ வாக்கில் கதை முடிந்தது.

ஆக, எலும்பு அமுக்கத்துக்கு அசையாது, இழுப்புக்குத் தோற்கும். எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு சாக்பீஸ் எடுத்துக்குங்க. ரெண்டு முனையும் பிடித்து வளைங்க. குறுக்கே, கத்தியால் வெட்டின மாதிரி நேராக உடையும். இப்போ இன்னொன்று எடுத்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்குங்க. சரிவாக, திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு உடையும். சாக்பீஸ் அதே சாக்பீஸ்தான். விசை வந்த விதம் வேறு, அதனால் உடைந்த முகமும் வேறு. எத்தனை தடவை செஞ்சாலும் இப்படித்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செஞ்சு காட்டுங்க, அவங்களுக்கும் பிடிக்கும்.

எலும்பும் இதேதான். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்கும், எதிர்ப்பக்கம் இழுபடும். இழுபடுகிற பக்கத்தில் விரிசல் விழுந்து குறுக்கே ஓடும்: குறுக்கு முறிவு. முறுக்கினால் சுருள் முறிவு. வளைவோடு உடம்பின் எடையும் சேர்ந்து மேலிருந்து அழுத்தினால், அமுங்குகிற பக்கத்தில் ஒரு முக்கோணத் துண்டு தனியாகக் கழன்று வரும். வண்ணத்துப்பூச்சித் துண்டு என்போம். அந்த முக்கோணத்தின் அகலமான அடிப்பக்கம் பெரும்பாலும் அடி விழுந்த பக்கமாக இருக்கும். எப்போதும் அல்ல. ஆனால் இருந்தால், எந்தப் பக்கமிருந்து அடி வந்தது என்று எலும்பு கை காட்டுகிறது. ஜெர்மன் மருத்துவர் மெஸ்ஸரர் 1880-லேயே எலும்புகளை உடைத்துப் பார்த்து எழுதி வைத்த விஷயம் இது.

வேகமும் முக்கியம். எலும்பு வேகத்துக்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ளும் பொருள். மெதுவாக வரும் விசையை விட, திடீரென்று வரும் விசைக்கு அதிக விறைப்பு காட்டும், அதிக ஆற்றலை உள்ளே வாங்கி வைக்கும். ஆனால் உடையும்போது வாங்கினதெல்லாம் ஒரே நொடியில் வெளியே வரும். பைக் விபத்தில் தொடை எலும்பு பத்துத் துண்டாகி, சுற்றியிருக்கும் சதையும் கிழிந்து கிடப்பது அதனால்தான். வேகம் ரெண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. ஹெல்மெட் கதையை இன்னொரு நாள் பேசலாம்.

சரி, பாத்ரூமுக்கு வருவோம்.

ஈரத் தரையில் கால் முன்னால் வழுக்குது. உடம்பு பின்னால் அல்லது பக்கவாட்டில் சாயுது. நீங்க யோசிக்கிறதுக்கு முன்னாலேயே கை விரிந்து தரையை ஊன்றப் போகுது. உள்ளங்கை தரையில் படும். விசை உள்ளங்கையில் புகுந்து, மணிக்கட்டு வழியாக, எலும்பின் நீளவாக்கில் மேலே ஏறும். எங்கே உடையும்? பெரும்பாலும் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ரேடியஸ் எலும்பின் கீழ்முனையில். அங்கே வெளிச்சுவர் மெலிசு, உள்ளே பஞ்சு எலும்பு. டப்ளினில் இருந்த ஆபிரகாம் காலிஸ் என்ற சர்ஜன் 1814-ல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். அதாவது படமே இல்லாமல், கையின் கோணலைப் பார்த்தே இது ஊன்றி விழுந்த கை என்று சொல்ல முடிந்தது. அவ்வளவு ஒழுங்காக, ஒரே மாதிரி உடைகிற எலும்பு அது.

இன்னும் என்ன உடையலாம்? பெருவிரல் அடியில் இருக்கும் ஸ்கேஃபாய்டு. முழங்கையில் ரேடியஸின் தலை. கால் பிசகினால் கணுக்கால். வயசான அம்மாவாக இருந்தால் இடுப்பு, தோள்பட்டைக்குக் கீழே மேற்கை எலும்பின் கழுத்து. பட்டியலைத் திரும்பப் பாருங்க. எல்லாம் எலும்பின் முனைகள். நடுத்தண்டு இல்லை.

நடுத்தண்டு உடையவே உடையாதா? உடையும். இந்தியன் டாய்லெட் குழியில் பாதம் மாட்டி, உடம்பு மட்டும் திரும்பினால், முழங்காலுக்குக் கீழே டிபியா எலும்பு சுருளாக உடையும். பக்கத்திலிருக்கும் ஃபிபுலா வேறொரு உயரத்தில், பெரும்பாலும் இன்னும் மேலே உடையும். முறுக்கு விசை அப்படித்தான் பயணம் செய்யும். ஆனால் டிபியா குறுக்கே நேராக உடைந்து, ஃபிபுலாவும் அதே மட்டத்தில் நேராக உடைந்திருந்தால்? அது முறுக்கல் இல்லை. ஏதோ ஒன்று பக்கவாட்டிலிருந்து நேரடியாக அந்த இடத்தில் வந்து மோதியிருக்கு. பைக்கின் பம்பராக இருக்கலாம். பாத்ரூமில் பம்பர் கிடையாது.

இப்போ கை. உங்க இடது முன்கையை எடுத்து, முழங்கை மூட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக விரலால் தடவிக்கிட்டே வாங்க. மணிக்கட்டு வரை ஒரு எலும்பு தோலுக்கு அடியிலேயே தட்டுப்படும். அதுதான் அல்னா. மேலே சதையே இல்லை. இப்போ யாரோ உங்க தலையில் அடிக்க வருவதாக நினைச்சு கையைத் தூக்கித் தடுங்க. எந்தப் பக்கம் வெளியே பார்க்குது? அதே அல்னா.

தடுத்த கையில் தடி விழுந்தால், விசை எலும்பின் நீளவாக்கில் போகாது. குறுக்கே, சின்ன இடத்தில் விழும். அல்னா மட்டும், நடுவில், குறுக்காக உடையும். ரேடியஸ் பத்திரமாக இருக்கும். இந்த முறிவுக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் பேர் என்ன தெரியுமா? நைட்ஸ்டிக் ஃப்ராக்சர். நைட்ஸ்டிக் என்றால் போலீஸ்காரர் கையில் இருக்கும் தடி. பேரிலேயே எஃப்.ஐ.ஆர். இருக்கு. உலகம் முழுக்க எலும்பு மருத்துவம் படிக்கிற எல்லாரும் இதே பேரில்தான் படிக்கிறோம்.

நியாயமாகவும் பேசணும். விழும்போது முன்கை சுவர் விளிம்பிலோ வாஷ்பேசின் விளிம்பிலோ பட்டால் அல்னா தனியாக உடையலாம். உடைஞ்சும் இருக்கு. அதனால் ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்து இது லத்தி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். யாரும் பண்ணக் கூடாது. ஆனால் ஒரே சறுக்கலில் வலது கை நடுத்தண்டு, இடது கால் நடுத்தண்டு, ரெண்டும் குறுக்காக, மணிக்கட்டில் கீறல் கூட இல்லை என்றால், அந்த மனுஷன் ஒரே தடவை விழுந்து ரெண்டு வேறு விளிம்புகளில், ரெண்டு வேறு திசைகளில் மோதியிருக்கணும், கையை ஊன்றாமலேயே. சர்க்கஸில் கூட முடியாது.

பாலத்திலிருந்து குதித்தார் என்ற கதைக்கும் இதே சோதனைதான். உயரத்திலிருந்து நின்ற வாக்கில் குதித்தவருக்கு முதலில் அடி வாங்குவது குதிகால். அங்கிருந்து விசை மேலேறும்: டிபியாவின் மேல்முனை, இடுப்பு, கீழ் முதுகெலும்பு. குதிகால் நொறுங்கி வருகிறவர்களுக்கு முதுகையும் கட்டாயம் எக்ஸ்ரே எடுக்கணும் என்று ஹவுஸ் சர்ஜனுக்கே சொல்லித் தருகிறோம். குதிகாலும் முதுகும் முழுசாக இருந்து, முன்கை மட்டும் நடுவில் உடைந்திருந்தால் அவர் எப்படிக் குதித்தார் என்று யாராவது கேட்கணும்.

தோலும் பேசும். உருளையான தடி வேகமாகச் சதையில் விழுந்தால், தடி பட்ட நடுப்பகுதியில் ரத்தம் ரெண்டு பக்கமும் தள்ளப்படும். ஓரங்களில் உள்ள சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டுக் கிழியும். அதனால் நடுவில் வெளிறி, ரெண்டு ஓரமும் சிவந்து, ரயில் தண்டவாளம் மாதிரி இணைகோடாகத் தழும்பு விழும். தட்டையான தரை தண்டவாளம் போடாது.

இதெல்லாம் ரகசிய வித்தை இல்லை. எம்.பி.பி.எஸ். ரெண்டாம், மூணாம் வருஷப் பாடம். அப்புறம் ஏன் விபத்துப் பதிவேட்டில் "வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்ற ஒரே வரி? யார் கூறினார்? பக்கத்தில் நிற்கும் காவலர் கூறினார். அடிபட்டவர் வாயே திறக்கவில்லை. திறப்பாரா? ராத்திரி அவரோடுதானே திரும்பிப் போகணும். காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கணும் என்பது எங்களுக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு, கேஷுவாலிட்டியில் தனியாக நிற்கும் இருபத்து நாலு வயசு டாக்டருக்கு அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் என்பதும் தெரியும். அந்தப் பையனையோ பொண்ணையோ நான் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய நாங்கள், சீனியர்கள், நிற்பதில்லை. அதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலுக்கு இதில் ஒரு முன்கதை உண்டு. 1946-ல் நியூயார்க்கில் ஜான் காஃபி என்ற குழந்தைகள் எக்ஸ்ரே நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். மூளைக்கு வெளியே ரத்தக் கசிவோடு வந்த ஆறு கைக்குழந்தைகள். அந்த ஆறு பேரின் நீள எலும்புகளில் மட்டும் 23 முறிவுகள். எப்படி அடிபட்டது என்பதற்கு வீட்டில் எந்தக் கதையும் இல்லை. கதை இல்லாவிட்டாலும் எலும்பு இருந்தது. 1962-ல் கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் சக மருத்துவர்களும் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள்: அடிபடும் குழந்தை நோய்க்குறி. அதற்குப் பிறகு அமெரிக்காவில் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வந்தது, சந்தேகம் வந்தால் டாக்டர் புகார் கொடுத்தே ஆகணும் என்று. இன்றைக்கு நடக்கவே ஆரம்பிக்காத குழந்தை தொடை எலும்பு உடைந்து வந்து, கட்டிலிலிருந்து விழுந்தது என்று சொன்னால் நாங்கள் அப்படியே எழுதிக்கொள்ள மாட்டோம். துருவித் துருவிக் கேட்போம். அதே இயற்பியல்தான். ஆள் மட்டும் கைதி என்றால் எங்கள் அறிவு எங்கே போகுது?

இப்போ நீங்க டைப் பண்ணிக்கிட்டு இருக்கிற கமென்ட்டுக்கு வருகிறேன். "உங்க வீட்டுப் பொண்ணை அவன் ஏதாவது செஞ்சிருந்தா இப்படிப் பேசுவீங்களா டாக்டர்?"

பேச மாட்டேன். கத்துவேன், அழுவேன், அவனைக் கொல்லணும் என்று கூடத் தோணும். அதனால்தான் தண்டனை கொடுக்கும் வேலையை அப்பன்கிட்டயும் கொடுக்கவில்லை, லத்தி வைத்திருப்பவர்கிட்டயும் கொடுக்கவில்லை. அவன்தான் செஞ்சான் என்று அந்த நிமிஷத்தில் யாருக்குத் தெரியும்? மாவுக்கட்டு விழுவது விசாரணையின் ஆரம்பத்தில். தீர்ப்பு வருவது கடைசியில். குற்றம் செஞ்சவன் அல்னாவும் செய்யாதவன் அல்னாவும் ஒரே விசையில்தான் உடையும்.

2020 ஜூன், சாத்தான்குளம். ஜெயராஜ், பென்னிக்ஸ். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாக வழக்கு. தரையில் உருண்டு புரண்டதால் காயம் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. அப்பாவும் பிள்ளையும் அடுத்தடுத்து இறந்தார்கள். 2025 ஜூன், மடப்புரம். கோயில் காவலாளி அஜித்குமார். நகை காணோம் என்று புகார். தப்பி ஓடும்போது விழுந்தார், வலிப்பு வந்தது என்றார்கள். உடற்கூறாய்வில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். இந்த ரெண்டிலும் நீங்கள் யாரும் சிரிக்கவில்லை, கண்ணீர் விட்டீர்கள். ஆனால் வழுக்கி விழுந்த கதையும் தரையில் உருண்ட கதையும் ஒரே பேனாவில் எழுதப்படுபவை. முதல் கதைக்கு நாம் கைதட்டினதால்தான் ரெண்டாவதை எழுத யாருக்கும் கை நடுங்குவதில்லை.

இன்னொன்று. உடைந்த எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்துடும், ஒரு பாடம் கத்துக்கட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு. முன்கையில் ரேடியஸ் அல்னாவைச் சுற்றித் திரும்பினால்தான் உள்ளங்கை மேலே பார்க்கும். அல்னா கோணலாகச் சேர்ந்தால் அந்தத் திருப்பம் குறையும். கையில் சில்லறை வாங்க முடியாது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கை பாதியில் நிற்கும். ஸ்பேனர் பிடிக்கிறவன், கரண்டி பிடித்துப் பூசுகிற கொத்தனார், வேலை போச்சு. மூணு வருஷம் கழித்து நிரபராதி என்று தீர்ப்பு வரும். கை திரும்பாது.

அதைவிட மோசம், கட்டு இறுக்கம். முறிந்த இடத்தில் வீக்கம் ஏறி, உள்ளே அழுத்தம் கூடி, ரத்த ஓட்டம் நின்றால் ஆறு மணி நேரத்துக்குள் தசை சாக ஆரம்பிக்கும். முதல் அறிகுறி தாங்க முடியாத வலி. விரலை நீட்டிவிட்டாலே அலறுவார். வீட்டில் இருப்பவர் அலறினால் ஆட்டோ பிடித்து வருவீர்கள். லாக்கப்பில் அலறினால்? நடிக்கிறான் என்பார்கள். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போன கை, வோக்மேன் கான்ட்ராக்சர், இப்படித்தான் உருவாகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. எலும்பு முறிந்தாலே அது கொடுங்காயம், நம் தண்டனைச் சட்டத்தின் வரையறையே அது. வாக்குமூலம் வாங்க கொடுங்காயம் ஏற்படுத்தினால் பத்து வருஷம் வரை சிறை. 1996 டி.கே.பாசு தீர்ப்புப்படி, காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்கணும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொன்னது. எங்கெங்கே என்று பட்டியலும் கொடுத்தது. அதில் ஒன்று: கழிப்பறைக்கு வெளியே. பாத்ரூமுக்குள் நடந்து போனவர் எப்படி வெளியே வந்தார் என்று ஒரு கேமரா பார்த்திருக்கணும். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது, கைதானவர்கள் மட்டும்தான் வழுக்குவார்களா, போலீசுக்கு அந்தக் கழிப்பறை வழுக்காதா என்று. நீதிபதிகள் கேட்டது ஜோக் இல்லை.

தம்பி தங்கைகளுக்கு, கேஷுவாலிட்டியில் இருக்கிறவர்களுக்கு: யார் அடித்தார் என்று நீங்க எழுத வேண்டாம், அது உங்க வேலை இல்லை. எந்த எலும்பு, எந்த இடம், குறுக்கா சுருளா, துண்டு எந்தப் பக்கம், தோலில் என்ன தடம், உள்ளங்கையிலும் குதிகாலிலும் காயம் இருக்கா இல்லையா, வரலாற்றைச் சொன்னது யார், அப்போ அறையில் யார் யார் இருந்தார்கள். இதை எழுதுங்க. கடைசியில் ஒரு வரி: சொல்லப்பட்ட விதத்தில் விழுவதோடு இந்த முறிவு பொருந்துகிறது, அல்லது பொருந்தவில்லை. சித்திரவதையை ஆவணப்படுத்த ஐ.நா. வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறையும் டாக்டரிடம் கேட்பது இந்தப் பொருத்தத்தைத்தான்.

மற்றவர்களுக்கு: உங்க வீட்டில் ஒருத்தரை அழைத்துப் போனால் (நடக்காது என்று நினைக்காதீங்க, கடை வைத்திருந்தவர்களுக்கும் நடந்தது), பி.என்.எஸ்.எஸ். பிரிவு 53 ஞாபகம் வைங்க. கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் பதிவு செய்யணும். அந்த அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தரப்படணும். கேளுங்க, எழுத்தில் கேளுங்க. மாவுக்கட்டு போடுவதற்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரே வேணும், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிகிற மாதிரி. ஜாமீன் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டுடாதீங்க. ரெண்டு மூணு வாரத்தில் புது எலும்பு வளர்ந்து முறிவின் விளிம்பை மூட ஆரம்பிச்சிடும்.